கேட்ட நோட்டில் அடித்த ஒரு கோடு

போன மாதம் என் கைப்பேசிக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் எந்த நாட்டுக்காரர் என்று இன்னும் எனக்குத் தெரியாது. சின்னப் படகில் பெருங்கடலைக் கடந்தவர்களின் பயணங்களை இணையத்தில் பட்டியல் போடும் கூட்டம் ஒன்று இருக்கிறதாம். சம்பளம் கிடையாது, முதலாளி கிடையாது. பாதிப் பேர் பாய்மரப் படகு ஓட்டியவர்கள், மீதிப் பேர் மேசையை விட்டு நகராதவர்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் வெட்டுவதும், வெட்டியதை மூன்றாமவர் ஒட்டுவதுமாக ஓயாத சண்டை. அந்தச் சண்டையில் இப்போது 'மார்த்தா' மாட்டிக்கொண்டிருக்கிறது.

மார்த்தா ஒரு படகு. எண்பதுகளின் தொடக்கத்தில் அறுபத்தெட்டு வயதுக் கிழவர் ஒருவர் அதில் தன்னந்தனியாக ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் ஏறி, வழியில் எந்தக் கரையிலும் கால் வைக்காமல், எங்கள் பேராக் மாநிலத்தில் இருக்கும் லூமுட் துறைமுகம் வரைக்கும் வந்தார். வரவில்லை, நடுவில் இலங்கையில் இறங்கிப் படகைச் சரிசெய்துகொண்டு மறுபடி கிளம்பியிருப்பார் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். அதற்கு அவர்கள் காட்டும் சாட்சி ஒரு பழைய நோட்டின் படம். அதில் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு நேரே ஓர் எண் எழுதியிருக்கிறது. அதன் மேல் ஒரே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே, வேறு மையில், வேறு எண். கிழவரின் பொய்யை மறைக்கக் கரையில் இருந்தவர்கள் பின்னால் திருத்திவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. திருத்தியது யார் என்று உங்களுக்குத் தெரியுமா அம்மா, என்று கடிதக்காரர் மரியாதையாகக் கேட்டிருந்தார்.

தெரியாமல் என்ன? நான்தான்.

இதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் ஈப்போ தொலைபேசி நிலையத்தில் டிரங்க் ஆப்பரேட்டர். சுங்கை சிப்புட் பக்கத்துப் பால்மரத் தோட்டத்தில் பிறந்து, ஐந்தாம் படிவம் முடித்து, ஆறு மாதப் பயிற்சியில் "நம்பர் பிளீஸ்" சொல்லப் பழகி, எழுபதுகளின் தொடக்கத்தில் வேலைக்குப் போனவள். பயிற்சியில் சொல்லிக்கொள்ள வேறொன்றும் இல்லை. தலையில் ஹெட்செட், முன்னால் பலகை நிறைய ஓட்டைகள், கையில் பிளக். கோலாலம்பூர், பினாங்கு, பாகான் செராய் என்று ஊர் ஊராகக் கம்பியைச் சொருகிக் கொடுப்பதுதான் பிழைப்பு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதை மேலதிகாரிகள் சகித்துக்கொண்டது என் காதுக்காக. மழையடித்து லைன் இரைந்தாலும், மறுமுனையில் இருப்பவர் வாயில் வெற்றிலையை வைத்துக்கொண்டு பேசினாலும், நம்பர் மட்டும் எனக்குத் தப்பாது. இதில் எனக்குக் கர்வம் உண்டு. அந்தக் கர்வம்தான் இந்தக் கதை.

காதர் அண்ணேயை நான் அந்தப் பலகை முன்னால்தான் சந்தித்தேன். எங்கள் இலாகாவின் ரேடியோ பட்டறைக்கு அவர் தலைவர். ஈப்போவில் அவர் அத்தா சோற்றுக்கடை வைத்திருந்தார். மகன் கல்லாவில் உட்காராமல் கம்பியைக் கட்டிக்கொண்டு அலைகிறானே என்று கடைசிவரை வருத்தப்பட்டாராம். ஒருநாள் லைன் கோளாறு என்று சோதிக்க வந்தவர், இரண்டாவது ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். ஒரே இரைச்சல். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நான் ஆறு எண்ணையும் எழுதி, கம்பியைச் சொருகி, பேச விட்டுவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தங்கச்சி, ஒனக்கு இருக்கறது காதா, இல்ல வேற எதாச்சுமா?"

"காதுதாண்ணே. கம்மல் மாட்ட எடம் வேணும்ல."

"சாய்ங்காலம் என்னா பண்ற?"

நான் முறைத்த முறைப்பில் மனிதர் பதறிப்போய், "அலாமாக், தப்பா எடுத்துக்காத லா! வீட்டுல என் சம்சாரம் மைமூன் இருக்கா. வந்து ஒரு அரை மணி நேரம் கேட்டுப் பாரு, அவ்வளவுதான்" என்றார்.

அவர் வீடு லகாட்டில், தோண்டி முடித்துத் தண்ணீர் நிறைந்து கிடந்த ஈயக் குட்டைக்குப் பக்கத்தில். சுற்றிலும் வெட்டவெளி. குட்டையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு இரண்டு மூங்கில் நட்டு ஆண்டெனாக் கம்பி கட்டியிருந்தார். முன்னறையில் மேசை, மேசை மேல் அவரே இணைத்த ரேடியோப் பெட்டி. உரிமம் வாங்கிய அமெச்சூர் ரேடியோக்காரர் அவர். மாலை ஐந்தரை மணிக்கு ஹெட்செட்டை என் தலையில் மாட்டினார். கடல் நடுவிலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது. சமைக்க எடுத்து வைத்த சட்டிக்குள் பறக்கும் மீன் ஒன்று தானாக வந்து விழுந்ததாம், அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். எந்தப் பக்கம் பார்த்தாலும் எழுநூறு மைலுக்குக் கரை இல்லாத இடம். எனக்குக் கையில் மயிர் சிலிர்த்துவிட்டது. கம்பியில்லாமல், நடுக்கடலின் சிரிப்பு லகாட்டுக்கு வருகிறது! அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அப்புறம் பதினோரு வருடம் போனேன். பினாங்கில் ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன் ஒருவர், கொழும்பில் ஒருவர், இன்னும் இரண்டு துறைமுகங்களில் இருவர். எல்லாரும் ரேடியோவில் மட்டும் பழக்கம், எல்லாரும் தொண்டூழியம். இந்தியப் பெருங்கடலைக் கடக்கும் சின்னப் படகுகளைத் தினமும் ஐந்தரைக்குக் கூப்பிட்டு, எங்கே இருக்கிறீர்கள், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு எழுதுவோம். தோட்டத்தில் விடியக்காலையில் கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிடும் பெரட்டு மாதிரிதான். ஆனால் இந்தப் பெரட்டில் பதில் வராவிட்டால் அரை நாள் சம்பளம் போகாது, ராத்தூக்கம் போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் தொகுத்து ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைலில் ஓட்டி, படகுச் சங்கங்களுக்குத் தபாலில் அனுப்புவோம். எந்த மாதத்தில் எங்கே காற்று, எங்கே நீரோட்டம், யார் எத்தனை நாளில் கடந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைத் தொகுக்கும் வேலை என்னுடையது. நான் கடலில் கால் நனைத்தது பங்கோர் தீவில் இரண்டு முறை.

காதர் அண்ணேயின் முறைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு படகின் பெயரை மூன்று தடவை கூப்பிடுவார். மனசுக்குள் பத்து எண்ணுவார். மறுபடி மூன்று தடவை. பதில் இல்லையென்றால் நோட்டில் ஒரு சிறு கோடு போடச் சொல்வார், கட்டத்தை வெற்றாக விடக் கூடாது. "கூப்ட்டோம், பதில் இல்ல. அதுவும் சேதிதான்" என்பார். நோட்டு இரண்டு. ஒன்று கேட்ட நோட்டு, மற்றது அச்சு நோட்டு. கேட்ட நோட்டில் காதில் விழுந்ததை அப்படியே எழுத வேண்டும், அது கிறுக்குத்தனமாக இருந்தாலும் சரி. கூட்டிக் கழித்துத் திருத்துவதெல்லாம், படகுக்காரரிடமே கேட்டுக்கொண்ட பிறகு, அச்சு நோட்டில். கேட்ட நோட்டில் பேனாதான். பிழை வந்தால் ஒரே கோடு, அடித்தது அடியில் படிக்கும்படி இருக்க வேண்டும், பக்கத்தில் நாளும் நேரமும் கையெழுத்தும்.

"நீ கேட்டத எழுது. ஒனக்குத் தெரிஞ்சத எழுதாத" என்று முதல் வாரத்தில் சொன்னார். இதென்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன்.

அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் குரல் இறங்கும், 'நீ' போய் 'நீங்க' வரும். "இந்த எடத்துல என்னா எழுதியிருக்கீங்க, அஞ்சலை?" என்றால் அன்றைக்கு மைமூன் அக்கா போட்டுக் கொடுக்கும் தேத்தண்ணி அப்படியே ஆறிப்போகும்.

இனி மார்த்தா. எங்களுக்குப் படகின் பெயர்தான் ஆளின் பெயர். மார்த்தா என்பது செத்துப்போன மனைவியின் பெயர் என்று பிற்பாடுதான் தெரிந்தது. கிழவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். நாற்பது நாளுக்கு மேல் தினமும் ஐந்தரைக்குக் குரல் கொடுத்தார். இடத்தைச் சொல்லிவிட்டு, அன்றைக்குப் பார்த்ததில் ஒன்றை ஒரே வாக்கியத்தில் சொல்வார். "இன்று ஒரு பறவை என் தொப்பியில் உட்கார்ந்து தூங்கியது." "இன்று கடலில் ஒரு கதவு மிதந்து போனது, கைப்பிடியோடு." அந்த வாக்கியத்துக்காகவே நான் ஓட்டமாய் ஓடி லகாட் பஸ்ஸைப் பிடித்த நாட்கள் உண்டு. ஒற்றை ஆள், முப்பதடிப் படகு, அடியில் எத்தனையோ ஆள் ஆழத் தண்ணீர், அவர் கதவின் கைப்பிடியைக் கவனிக்கிறார்!

அவர் மேற்கிலிருந்து கிழக்கே வந்துகொண்டிருந்தார். கிழக்கே வர வர, தீர்க்கரேகை எண் கூடும். தோராயமாகச் சொல்கிறேன். சனிக்கிழமை எண்பத்தைந்து, ஞாயிறு எண்பத்தாறரை, திங்கள் எண்பத்தெட்டு. நூறைத் தாண்டினால் லூமுட். திங்களன்று அவர் ஒரு கெட்ட செய்தியும் சொன்னார். பெரிய தண்ணீர்த் தொட்டி வெடித்துவிட்டது, மிச்சம் இருப்பது டின்களில், சிக்கனமாகக் குடித்தால் பத்து நாள் வரும். லூமுட்டுக்கு ஒன்பது நாள் போதும், கவலைப்படாதீர்கள் என்றார்.

செவ்வாய்க்கிழமை ஈப்போவில் இடியும் மின்னலும். ஹெட்செட்டில் ஒரே பொரியல் சத்தம். காதர் அண்ணே கூப்பிட்டு, எண்ணி, மறுபடி கூப்பிட்டார். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் மார்த்தாவின் குரல் வந்தது. ஓர் எண்ணைச் சொன்னது. வேறொன்றும் சொல்லவில்லை.

எண்பத்தேழு என்றது. எனக்குத் தெளிவாகக் கேட்டது.

பேனாவை வைத்துக்கொண்டு ஒரு நொடி யோசித்தேன். நேற்று எண்பத்தெட்டு. இன்றைக்கு எண்பத்தொன்பது, இல்லை ஒன்பதரை. முன்னால் போகிற படகு பின்னால் வருமா? பாவம், தண்ணீர்க் கவலையில் கிழவர் குழம்பிவிட்டார், எண்பத்தொன்பது என்றுதான் சொல்ல வந்திருப்பார். நாற்பது நாளாக அவரை எழுதுகிறேன், எனக்குத் தெரியாதா?

"என்னா சொன்னாரு?" என்றார் காதர் அண்ணே. அவருக்கு இரைச்சல்தான் கேட்டிருக்கிறது.

"எண்பத்தொன்பதுண்ணே" என்றேன். எழுதியும் விட்டேன்.

அவர் முறைப்படி அதைத் திருப்பிச் சொன்னார். மார்த்தா, எண்பத்தொன்பது, சரியா? மூன்று தடவை. பதிலுக்கு இடிதான் வந்தது. அன்றைக்குக் கிழவர் எந்த வாக்கியமும் சொல்லவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. எப்பேர்ப்பட்ட காது பாருங்கள்.

புதன்கிழமை கோடு. வியாழன் கோடு. வெள்ளியன்று காதர் அண்ணே கடலோர வானொலி நிலையத்துக்குச் சேதி சொன்னார். அவர்கள் அந்த வழியாகப் போகும் கப்பல்களுக்கு அறிவித்தார்கள்: கடைசியாக எண்பத்தொன்பதில் இருந்த படகு, கிழக்கே போகிறது, எண்பத்தொன்பதுக்கும் சுமத்ரா முனைக்கும் நடுவில் கண் வையுங்கள். கப்பல்கள் பார்த்தன. சனியும் போயிற்று. ஒன்றும் இல்லை. எங்கள் ஆறு பேருக்கும் தெரிந்தது ஒரே கணக்கு, பத்து நாள் தண்ணீரில் ஐந்து நாள் தீர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனேன். அம்மா போன பிறகும் அவர் தொழிலாளர் வரிசை வீடான லயத்தை விட்டு வர மாட்டேன் என்று அங்கேயே இருந்தார். மனசு நிலைகொள்ளாமல் இருந்ததால், கோப்பியை ஆற்றிக்கொண்டே மார்த்தாவைப் பற்றிச் சொன்னேன். எண்ணைப் பற்றிச் சொல்லவில்லை.

"எந்தக் கடலு?" என்றார்.

"நீங்க நாகப்பட்டினத்துலேருந்து கப்பல்ல வந்தீங்கள்ல, அதே தண்ணிதாம்பா."

"அதுல ஒத்தையாவா? அடேயப்பா! அவன் மனுசனா, வேற எதாச்சுமா?" கொஞ்ச நேரம் அதையே நினைத்துத் தலையை ஆட்டினார். பிறகு அவருக்குத் தன் கப்பல் ஞாபகம் வந்துவிட்டது. "நாங்க ஆயிரம் பேரு வந்தோம், அதுக்கே ஒப்பாரி. நாலாம் நாளு இஞ்சின் நின்னு போச்சு. மறுநா காலையில பண்டாரி சொல்றான், நேத்து இருந்த எடத்துக்கும் பின்னால கெடக்கோம்னு. அதுக்கு, ராவுச் சோத்துல பாதிய வெட்டிப்புட்டான், படுபாவி."

பண்டாரி என்றால் கப்பல் சமையல்காரன். ஐம்பது வருடத்துக்கு முன்னால் போன அரைத் தட்டுச் சோற்றுக்காக அவனை இன்னும் திட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கோப்பி கையிலேயே நின்றுவிட்டது.

"நின்ன கப்பலு எப்படிப்பா பின்னால போவும்?"

"கப்பலுதான நின்னுச்சு? தண்ணி நின்னுச்சா?"

கோப்பியைக் கீழே வைத்தேன். எண்பத்தேழு. கிழவர் குழம்பவில்லை. ஏதோ உடைந்திருக்கிறது, படகு ஓடவில்லை, நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகிறது. அவர் மேற்கே போய்க்கொண்டிருக்கிறார், நான் கப்பல்களைக் கிழக்கே அனுப்பிவிட்டேன். ஒவ்வொரு நாளும் இரண்டுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. இதை உலகத்தில் அறிந்தவள் நான் ஒருத்திதான். நோட்டில் எண்பத்தேழு என்ற எண்ணே இல்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் எப்போதும் தெரியப் போவதில்லை. கிழவர் செத்தாலும் கடல் கொண்டுபோயிற்று என்றுதான் சொல்வார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ வரும் வரைக்கும் பஸ்ஸில் அந்த எண்ணமும் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது. தொலைபேசிப் பெண்ணுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று பினாங்கு கேப்டன் ஆரம்பத்திலேயே சொன்னவர். காதர் அண்ணேதான் இவள் காது போதும் என்று நின்றார். இப்போது நானே என் காதைப் பொய்யாக்க வேண்டும். ஈப்போவில் இறங்கி லகாட் பஸ் ஏறினேன்.

காதர் அண்ணே ரேடியோவைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லிவிட்டேன். அழுகையும் வந்தது. அவர் நடுவில் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் குரல் இறங்கியது.

"நீங்க கேட்டது எது?"

"எண்பத்தேழுண்ணே."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இப்ப தோணுறதா, அன்னிக்குக் கேட்டதா?"

"அன்னிக்குக் கேட்டது. எழுதுனதுதான் என் புத்தி."

கேட்ட நோட்டைத் திறந்து என் முன்னால் வைத்தார். எண்பத்தொன்பதின் மேல் ஒரே கோடு போட்டேன். மேலே எண்பத்தேழு எழுதினேன். ஏழு கோணலாக விழுந்தது. ஞாயிறு, மாலை ஐந்து இருபது என்று அவரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஐந்தரைக்கு மற்ற நால்வரிடமும் ஒளிக்காமல் சொன்னார். பினாங்கு கேப்டன் பிடித்துக்கொண்டார். ஐந்து நாள் கழித்து ஒரு பெண்ணுக்கு வந்த ஞாபகத்தை வைத்துக்கொண்டு கப்பல்களை இருநூறு, முந்நூறு மைல் மேற்கே பார்க்கச் சொல்வதா? எழுதியதுதான் சாட்சி, எழுதியது எண்பத்தொன்பது. நம் பேரே கெட்டுப்போகும் என்றார். கொழும்புக்காரர், இந்த மாதத்தில் இங்கே தண்ணீர் மேற்கே இழுப்பது உண்மைதான், ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். கால் மணி நேரம் வாதம் நடந்தது. ஒரு மனிதருக்குக் குடிதண்ணீர் தீர்ந்துகொண்டிருக்கிறது, இங்கே சாட்சி எது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நான் ஹெட்செட்டைப் பிய்த்து எறியலாமா என்றிருந்தேன்.

காதர் அண்ணே கடைசியில் மைக்கை எடுத்தார். "கேப்டன், எழுத்து தப்பு. காது சரி. பத்து வருசமா எனக்கு அந்தக் காதத் தெரியும். சேதிய நான் என் பேர்ல கொடுக்கறேன்" என்பதை ஆங்கிலத்தில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். மஃரிப் தொழுகைக்கு முன்னால் சேதி போய்விட்டது: படகு ஓடவில்லை, எண்பத்தேழிலிருந்து மேற்கே மிதக்கிறது, எண்பத்திரண்டு வரைக்கும் பாருங்கள்.

திங்கள் ஒரு கோடு போட்டேன். அந்தக் கோடு போடும்போது எனக்கு என்ன ஆயிற்று என்று எழுதத் தெரியவில்லை.

செவ்வாய் மத்தியானம் நான் பலகையில் இருந்தேன். காதர் அண்ணே பட்டறையிலிருந்து மாடிப்படி ஏறி வந்து என் பின்னால் நின்றார். "எண்பத்திரண்டுல. கொழும்புக்குப் போற சரக்குக் கப்பல் பாத்துருக்கு. ஆளு உசிரோட இருக்காரு" என்றார். அதைச் சொல்லிவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார். நான் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு, எதிர்முனையில் யாரோ "ஹலோ, ஹலோ" என்று கத்துவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முந்தின வாரத் திங்களன்று எங்களிடம் பேசி முடித்த கொஞ்ச நேரத்தில் சுக்கான் உடைந்திருக்கிறது. மறுநாள் எண்ணைச் சொன்னதும் பேட்டரி செத்துவிட்டது. படகுக்குள் இழுத்துப் போட்ட உடைந்த சுக்கான் பலகை இடித்ததில், இருந்த டின்களில் இரண்டு கவிழ்ந்துவிட்டன. கப்பல்காரர்கள் கண்டபோது இரண்டு கோப்பைத் தண்ணீர்தான் மிச்சம். அவர்கள் தண்ணீரும் பேட்டரியும் கொடுத்தார்கள். கப்பலில் ஏறி வா என்றதற்கு மாட்டேன் என்றுவிட்டார். படுக்கைப் பலகையைக் கழற்றித் தானே ஒரு சுக்கான் செய்து மறுபடி கிழக்கே திரும்பினார். உதவி வாங்கினேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கரையைத் தொடவில்லை என்றும் எழுதிக்கொள்ளுங்கள் என்று அன்று மாலையே சொன்னார். எழுதினேன். கேட்டதை அப்படியே எழுதினேன்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் ஆயிற்று அவர் வந்துசேர. அந்த ஐந்து வாரமும் காதர் அண்ணே என்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டார். மூன்று மாதத் தாளைத் தொகுக்கும்போது, "கேட்டவரின் பிழை திருத்தப்பட்டது" என்று ஒரே வரி போடச் சொன்னார். பெயர் போட வேண்டாம், பினாங்கு கேப்டனுக்கு வாயில் மெல்ல இன்னும் கொடுப்பானேன் என்றார். என் பெயரைப் போடுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நிம்மதியாக இருந்தது. அந்த ஒற்றை வரிக்குள்தான் இத்தனை வருடமும் ஒளிந்துகொண்டிருந்தேன்.

மார்த்தா லூமுட்டுக்கு வந்த அன்று காதர் அண்ணேயின் பழைய காரில் போனோம். படகு துறைமுக ஜெட்டியில் கட்டியிருந்தது. எங்கள் லயத்து வீட்டின் முன்னறையை விடச் சின்னது. பாசி பிடித்து, வெயிலில் வெளுத்து, பின்பக்கம் படுக்கைப் பலகையைக் கயிற்றால் கட்டிய சுக்கான். இதிலா? இதை வைத்துக்கொண்டா அந்தத் தண்ணீரையெல்லாம்? உள்ளேயிருந்து ஒரு குச்சி மனிதர் வெளியே வந்தார். குரலைக் கேட்டதும்தான் அவர் என்று தெரிந்தது.

நான் யார் என்று சொன்னேன். என்ன செய்தேன் என்றும் என் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். உங்களைக் கொன்றிருப்பேன், என்னை மன்னியுங்கள் என்றேன். கிழவர் படகின் விளிம்பில் உட்கார்ந்து என்னையே பார்த்தார்.

"எண்பத்தொன்பது என்றா எழுதினாய்?" என்றார். "அன்றைக்கு நான் சொல்ல நினைத்திருந்ததும் அதுதான்."

எனக்குப் புரியவில்லை. அவர் மெல்லச் சொன்னார். நாற்பது நாள் முன்னால் வந்தவன், பின்னால் போகிறேன் என்று சொல்ல அவமானமாக இருந்ததாம். எண்பத்தொன்பது என்று ஒரு பொய்யைத் தயார் பண்ணி வைத்துக்கொண்டு, ஐந்தரை மணி ஆகும் வரைக்கும் வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தாராம். காதர் அண்ணே கூப்பிட்டதும் என்னவோ, வாயில் உண்மை வந்துவிட்டது. எண்பத்தேழு என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவும் மனசில்லை. சொல்லிவிட்டுக் காதர் அண்ணே பக்கம் திரும்பினார்.

"பிறகு உங்கள் குரல் கேட்டது. எண்பத்தொன்பது, சரியா? எண்பத்தொன்பது, சரியா? நான் விழுங்கிய பொய்யைக் கடல் தாண்டி யாரோ எனக்கே திருப்பிச் சொல்கிறார்கள். இல்லை என்று சொல்லப் பொத்தானை அழுத்தினேன், பேட்டரி போய்விட்டது. அன்று முதல் கப்பல் வரும் வரைக்கும் நான் பயந்தது தண்ணீருக்கு அல்ல. என்னைத் தேடுகிறவர்கள் என் பொய்யைத் தேடிக்கொண்டு போகிறார்களே என்றுதான்."

ஜெட்டியில் பங்கோர் படகுக்கு ஆள் ஏறும் சத்தம். நடுக்கடலில் ஒருவர், லகாட்டில் ஒருத்தி, ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை, ஒரே நேரத்தில் ஒரே பொய்யை யோசித்திருக்கிறோம். அவர் சொல்லாமல் விட்டதை நான் எழுதிவிட்டேன். இன்றைக்கும் ஐந்தரை மணி ஆனால் இதை நினைத்துக்கொள்கிறேன்.

காருக்குத் திரும்பும்போது காதர் அண்ணே முன்னால் நடந்தார். கதவைத் திறந்துவிட்டு, "ஏறு தங்கச்சி, மைமூன் பாத்துக்கிட்டு இருப்பா" என்றார். நான் ஈப்போ வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். அவர் ரேடியோவைத் திருகித் திருகி ஏதோ பாட்டைத் தேடுவது போல் பாசாங்கு பண்ணினார்.

நேரடி டயல் வந்தது, பலகையில் ஓட்டைகள் குறைந்தன, நான் பில் பிரிவுக்குப் போய் ஓய்வும் பெற்றேன். கிழவர் இல்லை. காதர் அண்ணேயும் இல்லை. அவர் மகன்தான் அந்த நோட்டைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றியிருக்கிறான், அத்தாவின் வேலையை நாலு பேர் பார்க்கட்டும் என்ற ஆசையில். பார்த்தவர்கள் அத்தாவைத் திருட்டுக் கணக்கு எழுதியவர் என்கிறார்கள். எண்பத்தொன்பதிலிருந்து ஏழு நாளில் இலங்கைப் பக்கத்து எண்பத்திரண்டுக்கு எந்தப் படகும் மிதந்து போகாது, இறங்கத்தான் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார், எண்பத்தேழு என்பது பிறகு செய்த ஜோடனை, ஞாயிறு என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்கிறார்கள். அவர்கள் சந்தேகப்படுவதில் எனக்குக் கோபம் இல்லை. கேட்டதைக் கேட்டபடி எழுத நினைக்கிறவர்கள் சந்தேகப்படத்தான் வேண்டும்.

கடிதக்காரருக்கு நடந்ததை எழுதினேன். நன்றி அம்மா, என்று பதில் வந்தது, ஆனால் எங்கள் விதிப்படி தனிக் கடிதமும் ஞாபகமும் சாட்சியாகாது, எங்காவது அச்சில் வந்திருந்தால் மட்டும் சேர்க்கலாம் என்றார். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பினாங்கு கேப்டன் மறுபடி பிறந்து வந்துவிட்டார் போலிருக்கிறது! ஆனால் விதி நல்ல விதி. காதர் அண்ணே இருந்திருந்தால் சரிதான் என்றிருப்பார்.

அதனால்தான் இந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். ஆசிரியர் இதில் ஒரு வரியையும் திருத்த வேண்டாம். பெயர் அஞ்சலை, டிரங்க் ஆப்பரேட்டர், ஈப்போ. எண்பத்தொன்பது என்று எழுதியது என் கை. கோடு போட்டது ஞாயிறு மாலை ஐந்து இருபதுக்கு, அவர் கிடைப்பதற்கு இரண்டு நாள் முன்னால். செவ்வாய்க்கிழமை மார்த்தா சொன்னது, இடி இரைச்சலுக்கு நடுவே நான் என் காதால் கேட்டது, எண்பத்தேழு.